திடலுக்கு வந்த மூக்குக்கண்ணாடி



வேலை முடிந்து, குளித்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே! இன்று நாம் காணவிருப்பது ஒரு சிறிய பொருளின் வரலாறு. அது மூக்கின்மேல் அமர்ந்து, காதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பொருள். வயதானவர்கள் படிப்பதற்காகப் பிறந்த அந்த மூக்குக்கண்ணாடி, ஓடும் பிள்ளைகளோடும் பந்தடிக்கும் பிள்ளைகளோடும் விளையாட்டுத் திடலுக்கு எப்படி வந்தது என்பதே இன்றைய உரை.

இந்த வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். தோட்டப் பள்ளியில் காற்பந்துக் குழு என் பொறுப்பில் இருந்தது. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எங்கள் கோல்காவலன். நல்ல உயரம், நீண்ட கை. அருகில் அடிக்கும் பந்தைப் பாய்ந்து பிடிப்பான். தூரத்திலிருந்து வரும் பந்துக்கு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பான். பந்து அவனைக் கடந்த பிறகுதான் கை உயரும். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியோடு நடந்த ஆட்டத்தில் அப்படியே மூன்று கோல்கள். நான் எல்லார் முன்னிலையிலும் அவனைச் சோம்பேறி என்றும் பயந்தாங்கொள்ளி என்றும் ஏசினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. காலணிக் கயிற்றைக் கட்டுவது போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்த மாதம் சுகாதாரக் குழுவினர் பள்ளிக்கு வந்து, சுவரில் எழுத்து அட்டையை மாட்டிப் பார்வையைச் சோதித்தார்கள். அந்தப் பையனுக்கு அட்டையின் மேலே இருந்த பெரிய எழுத்தைத் தவிர மற்றவை தெரியவில்லை. தாதி என்னைத் திரும்பிப் பார்த்து, "சார், இவன் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்?" என்று கேட்டார். உயரமான பையன் என்று கடைசி வரிசையில் உட்கார வைத்தவன் நான்தான்.

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனேன். தந்தை செம்பனைக் குலை அறுப்பவர். "கண்ணாடி போட்டா பந்தாட்டம் போச்சே சார். பந்து மூஞ்சியில பட்டா உடைஞ்சு கண்ணுக்குள்ள போயிடாதா?" என்று கேட்டார். தாய் அடுப்படியிலிருந்து வந்து, "இந்த வயசுலேயே போட்டா கண்ணு இன்னும் கெட்டுப் போகும்னு சொல்றாங்களே" என்றார். இரண்டும் நியாயமான கேள்விகள். அவற்றுக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், தூரப் பொருள் ஏன் மங்கலாகத் தெரிகிறது? கண் ஓர் உருண்டை. முன்புறம் வழியாக நுழையும் ஒளி, பின்புறச் சுவராகிய விழித்திரையில் ஒரு புள்ளியாகக் கூடினால்தான் காட்சி தெளிவாக இருக்கும். சில பிள்ளைகளுக்குக் கண்ணுருண்டை தேவைக்கு மேல் நீண்டுவிடுகிறது. அப்போது ஒளி திரையை அடையும் முன்னரே கூடிவிடுகிறது. கிட்டே உள்ள புத்தகம் தெரியும். தூரத்துப் பந்து தெரியாது. இதைக் கிட்டப்பார்வை என்கிறோம். நடுவே குழிந்த வில்லையைக் கண்ணுக்கு முன் வைத்தால் ஒளி சற்று விரிந்து, பின்னால் தள்ளிப்போய், சரியாகத் திரையில் கூடும். மூக்குக்கண்ணாடியின் இரகசியம் இவ்வளவுதான். ஆனால், இந்த இரகசியத்தை அறிய மனிதனுக்குச் சில நூறு ஆண்டுகள் பிடித்தன.

மூக்குக்கண்ணாடி இத்தாலி நாட்டில் 1286ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தது. 1306இல் பாதிரியார் ஒருவர் புளோரன்ஸ் நகரில் செய்த பிரசங்கத்தில், இந்தக் கலை தோன்றி இன்னும் 20 ஆண்டுகூட ஆகவில்லை என்று கூறியிருக்கிறார். அதைக் கொண்டே இந்தக் கணக்கைச் சொல்கிறார்கள். அந்தக் கண்ணாடிகள் நடுவே தடித்த குவிவில்லைகள். வெள்ளெழுத்து வந்த முதியவர்கள் படிப்பதற்கு உதவின. தூரப்பார்வை மங்கிய இளையவர்களுக்கு அவற்றால் பயனில்லை. அவர்களுக்கு வேண்டிய குழிவில்லை 15ஆம் நூற்றாண்டில்தான் வந்தது.

குழிவில்லையை விளையாட்டுக்காகக் கையில் எடுத்த முதல் மனிதர்களில் ஒருவர் போப்பாண்டவர் பத்தாம் லியோ. அவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை. வேட்டையில் மிகுந்த ஆசை கொண்டவர். வேட்டைக்குப் போகும்போதும் வில்லையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார் என்று கூறப்படுகிறது. ஓவியர் ரபேல் 1518ஆம் ஆண்டளவில் வரைந்த அவருடைய படத்தில், கையில் ஒரு வில்லை இருப்பதை இன்றும் காணலாம்.

ஆனால், குழிவில்லை ஏன் உதவுகிறது என்று அக்காலத்தில் யாருக்கும் தெரியாது. 1604இல் அதை விளக்கியவர் ஜெர்மானிய வானியல் அறிஞர் கெப்ளர். விண்மீன்களின் கணக்கை எழுதிய அவருக்கே சிறுவயதில் கண்ட பெரியம்மையால் பார்வை குறைந்திருந்தது. ஒளி விழித்திரையில் உருவமாக விழுகிறது என்றும், குழிவில்லை அந்த உருவத்தை உரிய இடத்திற்குக் கொண்டு சேர்க்கிறது என்றும் அவர்தான் எழுதினார்.

அடுத்து வந்த சிக்கல் வேறு. கண்ணாடியை எங்கே மாட்டுவது? தொடக்கத்தில் கையால் பிடித்தார்கள்; மூக்கைக் கிள்ளிப் பிடிக்குமாறு செய்தார்கள். ஸ்பெயின் நாட்டவர் பட்டுக் கயிற்றை வளையமாக்கிக் காதில் மாட்டினார்கள். காதின்மேல் படியும் இரு கைகள் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டனில் தோன்றின. அதற்கு முன், கண்ணாடி அணிந்தவன் ஓட முடியாது, குனிய முடியாது. இந்த இரு கைகள் வந்த பிறகுதான் கண்ணாடி மனிதனோடு நடக்கத் தொடங்கியது எனலாம்.

எழுத்து அட்டையும் ஒரு கண்டுபிடிப்புதான். பெரிய எழுத்து மேலேயும் சிறிய எழுத்துகள் கீழேயும் அமைந்த அந்த அட்டையை 1862இல் ஆலந்து நாட்டு மருத்துவர் ஸ்னெல்லன் வெளியிட்டார். அதன் பிறகு, எந்த ஊரில் சோதித்தாலும் ஒரே அளவுகோல் கிடைத்தது. நம் பள்ளிச் சுவரில் மாட்டிய அட்டை அந்த வழியில் வந்ததே.

நேயர்களே, கண்ணாடி அணிந்தவர்கள் பெரிய ஆட்டக்காரர்களாக வர முடியுமா? சிலரைப் பார்ப்போம்.

1954இல் விம்பிள்டன் டென்னிஸ் பட்டத்தை வென்ற யாரோஸ்லாவ் துரோப்னி, செக் நாட்டில் பிறந்தவர். பனிக்கட்டி ஹாக்கி ஆடும்போது கண்ணில் காயம்பட்டவர். கருமை கலந்த கண்ணாடி அணிந்தே அந்தப் பட்டத்தை வென்றார். அமெரிக்காவின் பில்லி ஜீன் கிங் 1966 முதல் 1975 வரை 6 முறை விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்றார். முகத்தில் எப்போதும் கண்ணாடி. பெண்பிள்ளை கண்ணாடி போட்டால் நாலுபேர் என்ன சொல்வார்கள் என்று தயங்கும் தாய்மார்கள் இவரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கிளைவ் லாயிட் என்ற பெயரைப் பெரியவர்கள் அறிவார்கள். கரும்புத் தோட்டங்கள் நிறைந்த கயானாவில் பிறந்தவர். 12 வயதில், பள்ளிப் பிள்ளைகளின் சண்டையை விலக்கிவிடப் போனார். அங்கே ஓர் அளவுகோல் கண்ணில் பட்டுப் பார்வை கெட்டது. அந்தச் சிறுவன் தடித்த கண்ணாடி அணிந்து, மேற்கிந்தியக் கிரிக்கெட் அணியின் தலைவராகி, 1975இலும் 1979இலும் உலகக் கிண்ணத்தை வென்றார். 1975 இறுதியாட்டத்தில் அவர் அடித்தது 102 ஓட்டங்கள். இக்கதையில் பிள்ளைகளுக்கு இரண்டு பாடங்கள் உண்டு. கண்ணாடி ஆட்டத்தைத் தடுக்காது என்பது ஒன்று. அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடக்கூடாது என்பது இன்னொன்று.

1988 ஜனவரியில் சென்னைச் சேப்பாக்கத் திடலில் நரேந்திர ஹிர்வானி என்ற 19 வயது இளைஞர் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினார். அவர் முகத்தில் கண்ணாடி. எதிரணி, உலகமே அஞ்சிய மேற்கிந்திய அணி. அந்த ஒரே ஆட்டத்தில் 136 ஓட்டங்கள் கொடுத்து 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

ஆகவே, அந்தத் தந்தையின் முதல் கவலைக்கு வரலாறே பதில் சொல்கிறது. ஆனால் அவருடைய இரண்டாவது கவலை உண்மையானது. பழைய மூக்குக்கண்ணாடிகளின் வில்லை உண்மையான கண்ணாடியால் ஆனது. அடிபட்டால் உடையும், சில்லு கண்ணில் ஏறும். கண்ணாடிச் சில்லு என்ன செய்யும் என்பதற்குப் பட்டோடி நவாபு மன்சூர் அலிகானின் கதை ஒன்றே போதும். 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில், முன்கண்ணாடியின் சில்லு அவர் வலக்கண்ணில் ஏறியது. அந்தக் கண்ணில் பார்வை ஏறக்குறைய அற்றுப்போனது. அப்போது அவருக்கு வயது 20. அந்தக் கண்ணில் ஒட்டுவில்லை வைத்து ஆடிப் பார்த்தார். ஒரு பந்து இரண்டாகத் தெரிந்தது. பிறகு தொப்பியைச் சாய்த்து அந்தக் கண்ணை மறைத்து, ஒற்றைக் கண்ணால் ஆடப் பழகினார். 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ஓட்டங்கள் அடித்தார். அதே ஆண்டு மார்ச்சில், 21 வயதில் இந்திய அணியின் தலைவரானார். அவருடைய மனவுறுதியைப் போற்றுவோம். ஆனால், நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வராமல் காப்பது நம் கடமை.

கண்ணாடிச் சில்லின் அபாயத்தை நீக்கியது பிளாஸ்டிக். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் உருவான ஒரு வகைக் கடினப் பிளாஸ்டிக்கைக் கொண்டு, போர் முடிந்தபின் வில்லை செய்யத் தொடங்கினார்கள். கண்ணாடியைவிட எடை குறைவு, எளிதில் நொறுங்காது. பிறகு 1953இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக ஒரு புதிய பிளாஸ்டிக் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெயர் பாலிகார்பனேட். சந்திரனில் நடந்தவர்களின் தலைக்கவசத்தில் பயன்பட்டது அதுவே. 1980களில் அது மூக்குக்கண்ணாடி வில்லையாகப் பரவியது. பந்து பட்டால் வளைந்து தாங்கும். சில்லாகச் சிதறுவது அரிது. இன்று விளையாடும் பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கும்போது, கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டிய பெயர் இதுதான்: பாலிகார்பனேட்.

பந்து பெரிதாக இருந்தால்தான் ஆபத்து என்று எண்ணிவிடாதீர்கள். காற்பந்து பெரிது, கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பு பெரும்பகுதி அடியை வாங்கிக்கொள்ளும். பூப்பந்தின் தக்கையும் ஸ்குவாஷ் பந்தும் சிறியவை. நேராகக் கண்குழிக்குள் புகுந்துவிடும். பூப்பந்தின் எடை 5 கிராம் அளவுதான். ஆனால் அதன் வேகம் என்ன? 2023இல் நடந்த சாதனைச் சோதனையில் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் அடித்த பூப்பந்து மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது. அதே சோதனையில் நம் நாட்டு வீராங்கனை பெர்லி டானின் அடி 438 கிலோமீட்டர். நம் லயத்து வாசலில் பிள்ளைகள் ஆடும் ஆட்டம் அந்த வேகத்தில் இல்லை. ஆயினும் வலையருகே நிற்கும் பிள்ளை, பின்னால் நிற்கும் தன் கூட்டாளியின் அடியைத் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு நொடியில் கண் போய்விடலாம். பூப்பந்தால் நேரும் கண் காயங்களைப் பற்றி மலேசியாவிலிருந்து மருத்துவக் கட்டுரை 1970களிலேயே வெளிவந்திருக்கிறது.

ஸ்குவாஷ் ஆட்டத்தில் உலகச் சம்மேளனம் இளையோர் போட்டிகளுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கட்டாயமாக்கியுள்ளது. பார்வை நன்றாக உள்ள பிள்ளையும் அதை அணிந்தே ஆடவேண்டும். காற்பந்திலும் ஆலந்து ஆட்டக்காரர் எட்கர் டேவிட்ஸ், கண் அழுத்த நோய்க்குச் சிகிச்சை பெற்றபின் 1999 முதல் பாதுகாப்புக் கண்ணாடியோடு ஆடினார். இன்றைய காற்பந்து விதிகள் ஆபத்தில்லாத விளையாட்டுக் கண்ணாடியை வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. நடுவர் ஒருவர் உங்கள் பிள்ளையைத் தடுத்தால், ஆசிரியர் இந்த விதியைப் பணிவோடு எடுத்துச் சொல்லலாம்.

இனி ஒட்டுவில்லைக்கு வருவோம். கண்மணியின்மேல் நேராக வைக்கும் வில்லையைத்தான் காண்டெக்ட் லென்ஸ் என்கிறார்கள். 1888இல் சூரிச் நகரில் பணியாற்றிய பிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஊதிய கண்ணாடியால் அதைச் செய்தார். வெள்ளைவிழியையும் சேர்த்து மூடும் அந்த வில்லையைச் சில மணி நேரத்துக்குமேல் தாங்க முடியவில்லை. 1948இல் அமெரிக்காவில் கருவிழியை மட்டும் மூடும் சிறிய கடினப் பிளாஸ்டிக் வில்லை உருவானது. அதுவும் உறுத்தும், ஓடும்போது நழுவி விழும். திடலில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் புல்லில் வில்லை தேடிய ஆட்டக்காரர்கள் உண்டு.

மென்மையான வில்லையைத் தந்தவர் பிராகா நகரத்து விஞ்ஞானி ஒட்டோ விக்டர்லே. தண்ணீரை உறிஞ்சி மெதுவாகும் பிளாஸ்டிக் ஒன்றை அவரும் அவர் மாணவரும் கண்டுபிடித்தார்கள். அரசியல் காரணத்தால் அவர் தம் கல்விக்கழகப் பணியை இழந்தார். ஆராய்ச்சிக்குப் போதிய ஆதரவும் இல்லை. ஆனாலும் அவர் விடவில்லை. 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், தம் வீட்டுச் சமையலறை மேசைமீது, மகனின் விளையாட்டுக் கட்டுமானப் பெட்டியையும் மிதிவண்டி விளக்கு எரிக்கும் டைனமோவையும் இணைத்து ஓர் இயந்திரம் செய்தார். அச்சு சுழன்றது, முதல் நான்கு மென்வில்லைகள் பிறந்தன. பத்தாண்டுகள் கழித்து, 1971இல் அமெரிக்க அரசாங்கம் அத்தகைய வில்லைக்கு அனுமதி வழங்கியது. அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பணம் ஈட்டின. அதைக் கண்டவருக்குச் சிறு பங்குதான் கிடைத்தது. பால் வெட்டியவன் கையில் எவ்வளவு நின்றது என்பதை அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

மென்வில்லை விளையாட்டுக்கு ஏற்றது. பக்கப்பார்வை மறையாது, மழையில் மங்காது, வியர்வையில் நழுவாது. ஆனால் மூன்று செய்திகளை மறக்கக்கூடாது. முதலாவது, அது பந்தின் அடியிலிருந்து கண்ணைக் காக்காது. இரண்டாவது, கை கழுவாமல் தொட்டால் கிருமி சேரும். குழாய்த் தண்ணீரில் கழுவுவது, அணிந்தபடி ஆற்றில் குளிப்பது, அணிந்தபடி தூங்குவது ஆகிய மூன்றும் கூடா. 2005, 2006ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூரில் ஒட்டுவில்லை அணிந்த பலருக்குப் பூஞ்சைக் கிருமியால் கருவிழியில் புண் ஏற்பட்டது. மூன்றாவது, அன்றாடம் மாற்றி எறியும் வில்லைதான் பிள்ளைகளுக்கு ஓரளவு பாதுகாப்பானது. அதற்குத் தொடர்ந்து பணம் வேண்டும். காசை மிச்சம் பிடிக்க ஒருநாள் வில்லையை ஒரு வாரம் போட்டால் இழப்பது கண்ணாக இருக்கலாம். பிள்ளை தானாகவே சுத்தம் பேணும் பக்குவத்தை அடைந்த பிறகு, மருத்துவர் ஒப்புக்கொண்டால் மட்டும் அணியட்டும்.

இப்போது சில இளைஞர்கள், "சார், லேசர் செய்துகொண்டால் கண்ணாடியே வேண்டாமே" என்று கேட்கிறார்கள். அந்த லேசர் சிகிச்சைக்கு அடிப்படை அமைத்தவர்களுள் ஒருவர் சென்னை மாநிலத்திலிருந்து சென்ற தமிழ்நாட்டு விஞ்ஞானி என்பதை எத்தனை பேர் அறிவர்? அவர் பெயர் ரங்கசாமி சீனிவாசன். 1929இல் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, அமெரிக்கா சென்று, ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தார். 1981 நவம்பரில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின்மேல் எக்சைமர் என்ற புறஊதா லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றியுள்ள சதை சிறிதும் கருகாமல், வேண்டிய இடம் மட்டும் மெல்லிய கோடாக நீங்கியது. அவரோடு உழைத்தவர்கள் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோர். 1983இல் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கலோடு சேர்ந்து, இதே ஒளியால் கருவிழியைச் செதுக்கலாம் என்று சீனிவாசன் காட்டினார். 1995இல் அமெரிக்க அரசாங்கம் இந்தச் சிகிச்சையை ஏற்றது. 2013இல் அம்மூவருக்கும் அமெரிக்க அதிபர் ஒபாமா தேசியப் பதக்கம் அணிவித்தார்.

பெருமைக்குரிய செய்தி. ஆனால் இது வளரும் பிள்ளைகளுக்கு உரிய சிகிச்சை அன்று. பிள்ளை வளர வளரக் கண்ணும் வளர்கிறது. வில்லையின் அளவும் மாறுகிறது. இன்று செதுக்கினால் நாளை மீண்டும் பார்வை மங்கும். ஆகவே 18 வயது கடந்து, குறைந்தது ஓராண்டாவது அளவு மாறாமல் நின்ற பிறகே மருத்துவர்கள் இதைப் பற்றிப் பேசுவார்கள். குத்துச்சண்டை, சீலாட் போன்ற மோதல் விளையாட்டுகளில் ஈடுபடுவோர் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லவேண்டும். கருவிழியில் மூடிபோல் வெட்டித் திறக்கும் முறை அவர்களுக்குப் பொருந்தாது. மேற்பரப்பில் மட்டும் செய்யும் முறை ஏற்றதாகலாம்.

அடுத்து, அந்தத் தாயின் கேள்வி. கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெடுமா? இதற்குப் பதில் நம் மலேசியாவிலேயே கிடைத்திருக்கிறது. 2002இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கிட்டப்பார்வை உள்ள 94 பிள்ளைகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு முழு அளவுக் கண்ணாடி. மறு பிரிவுக்கு வேண்டுமென்றே சற்றுக் குறைந்த அளவு. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது, குறைந்த அளவு அணிந்தவர்களின் கண்தான் கூடுதலாக மங்கியிருந்தது. எனவே, கண்ணாடியால் கண் கெடுவதில்லை. கண் வளர்வதால் அளவு கூடுகிறது. கண்ணாடி போட்ட பிறகு கூடியதைக் கண்டவர்கள், கண்ணாடியால்தான் கூடியது என்று எண்ணிவிட்டார்கள்.

அப்படியானால், அளவு கூடும் வேகத்தைக் குறைக்க வழியுண்டா? உண்டு. சிங்கப்பூரில் நடந்த ஆய்வுகள், 2006இலும் 2012இலும் வெளிவந்தவை, அட்ரோபின் என்ற சொட்டு மருந்து அந்த வேகத்தைக் குறைப்பதைக் காட்டின. தனிவகை வில்லை பொருத்திய மூக்குக்கண்ணாடி அந்த வேகத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததாக ஹாங்காங் ஆய்வு 2020இல் தெரிவித்தது. இரவில் அணிந்து காலையில் கழற்றும் கடினவில்லையும் உண்டு. பகலில் கண்ணாடியின்றி ஆடலாம். ஆனால் செலவும் கிருமி பற்றும் அபாயமும் அதில் அதிகம். இவற்றில் எது பொருந்தும் என்பதைக் கண் மருத்துவரே சொல்ல வேண்டும்.

காசில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. 2008இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 6, 7 வயதுடைய சீனப் பிள்ளைகளைச் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் ஒப்பிட்டார்கள். சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான். முக்கிய வேறுபாடு என்ன? சிட்னிப் பிள்ளைகள் வாரத்தில் ஏறக்குறைய 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரமே இருந்தார்கள். பகல் வெளிச்சம் கண்ணுருண்டை நீள்வதைத் தடுக்கிறது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வெளியில் இருப்பது நல்லது என்கிறார்கள்.

நேயர்களே, நம் தோட்டத்துத் திடல் நம் பிள்ளைகளின் கண்ணுக்கு மருந்து. அன்று நாம் அதை எண்ணிப் பார்க்கவில்லை. இன்று தோட்டத்திலும் கைப்பேசி வந்துவிட்டது. பிள்ளை வாசற்படியில் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். திடலில் புல் வளர்கிறது. அவனை எழுப்பித் திடலுக்கு அனுப்புங்கள். கண் மங்கியிருந்தால் கண்ணாடி போட்டு அனுப்புங்கள்.

பிள்ளைக்குப் பார்வை குறைவு என்பதை எப்படி அறிவது? பெரும்பாலும் பிள்ளை சொல்லாது. உலகமே அப்படித்தான் மங்கலாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளும். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, தொலைக்காட்சிக்கு அருகே போவது, தூரத்தில் வருபவரை அடையாளம் தெரியாமல் நிற்பது, பந்துக்குத் தாமதமாக அசைவது ஆகியவை அறிகுறிகள். வீட்டில் ஒரு கண்ணைக் கையால் மூடச் சொல்லி, அறையின் மறுகோடியிலுள்ள நாட்காட்டியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தாலோ, தடுமாறினாலோ கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அடிபட்ட கண் என்றால் மட்டும் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். தேய்க்காமல், மருந்து ஊற்றாமல், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தக் கோல்காவலனுக்குப் பிளாஸ்டிக் வில்லையோடு கண்ணாடி வந்தது. பின்புறம் கட்ட, மீள்நாடாவை அவன் தாயே தைத்துக் கொடுத்தார். முதல் நாள் அணிந்துகொண்டு திடலின் நடுவே நின்று, அந்தக் கோடியில் நின்ற செம்பனை மரத்தைப் பார்த்து, "சார், ஓலை தனித்தனியாத் தெரியுது" என்றான். பன்னிரண்டு வயதுவரை அவன் அதைக் கண்டதில்லை. நான் எல்லார் முன்னிலையிலும் ஏசியதால், எல்லார் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவன் நாட்டுக்கு ஆடவில்லை; மாநிலத்துக்கும் ஆடவில்லை. இன்று லாரி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கூட்டாளிகளோடு திடலுக்கு வருகிறான். கண்ணாடியோடு கோல் முன் நிற்கிறான். அவனுடைய மகளை இந்த ஆண்டு எங்கள் பள்ளியில் சேர்த்தபோது, வகுப்பு தொடங்கும் முன்னரே அவன் கேட்ட முதல் கேள்வி, "சார், கண்ணைச் சோதிச்சிட்டீங்களா?" என்பதுதான்.

அந்தக் கேள்வியை எல்லாத் தந்தையரும் கேட்கவேண்டும் என்று விரும்பி விடைபெறுகிறேன்.